வாசிக் காசும் நாற்பது வேலியும்

"கொடுத்து வச்சவன்" என்று தஞ்சாவூர்ப் பக்கம் சர்வசாதாரணமாகச் சொல்வோம். போன பிறவியில் போட்ட டெபாசிட் இப்போது நிலமாகவும் நெல்லாகவும் திரும்பி வருகிறது என்று அர்த்தம். இல்லாதவனுக்கு? தலையெழுத்து. ஆனால் இதே காவிரிக்கரையின் பக்திக் கதை ஒன்று இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை.

ஊர் திருவீழிமிழலை, இன்றைய திருவாரூர் மாவட்டம். ஏழாம் நூற்றாண்டு. பஞ்சத்தில் அடியார்களுக்குச் சோறு போட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் சிவன் தினம் ஆளுக்கொரு பொற்காசு படியாக வைக்கிறார். அப்பர் மடத்தில் வேளைக்குப் பந்தி. சம்பந்தர் மடத்தில் மட்டும் தாமதம். ஏன் என்று விசாரித்தால், அவர் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்களாம். அதாவது மாற்றுக் குறைவு, வட்டம் பிடித்துக்கொண்டுதான் சாமான் தருவார்கள். சாமி கொடுத்த காசாக இருந்தால் என்ன, உரைத்துப் பார்த்துத்தானே வாங்குவான் வியாபாரி!

சம்பந்தரோ உமையிடம் பால் குடித்த பிள்ளை. அருளுக்குத் தக்கபடி பணம் என்றால் அவர் காசுதான் ஒசத்தியாக இருக்க வேண்டும். பதிகம் பாடிய பிறகுதான் அவருக்கும் நல்ல காசு வருகிறது. காசு பற்றிச் சுந்தரரும் பாடியிருக்கிறார். ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொல்வது 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார்: சம்பந்தர் மகன், அப்பர் கையால் தொண்டு செய்தவர். உழவாரம் பிடித்த கைக்கு வந்தது வாசியில்லாக் காசு. உழைப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதை பெரியபுராணத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் வயலில் இறங்கிய கைக்கு என்ன கிடைத்தது? ஆதனூர் நந்தனாரைப் பாருங்க. இரண்டு வெர்ஷன் கிடைத்தால் டிஃப் போட்டுப் பார்ப்பது சாஃப்ட்வேர்க்காரன் புத்தி. சேக்கிழாரின் நந்தனாருக்குத் தொழில் உண்டு, பரம்பரை மானியம் உண்டு; கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். தில்லைக்குப் போகத் தயங்குவது பிறப்பை நினைத்து. முதலாளி என்று யாரும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில், நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக எழுதும்போது நந்தன் பண்ணையாள். தில்லைக்குப் போக வேதியரிடம் லீவு கேட்கணும். நாற்பது வேலியையும் விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார் அவர். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, ஆக சுமார் 266 ஏக்கர். ஒரே ராத்திரியில் விளைந்துவிடுகிறது!

மிரண்டுபோன வேதியர் நந்தன் காலில் விழுகிறார். நெல் மட்டும் நிலக்காரருக்கு. நந்தனுக்குக் கிடைத்தது உத்தரவு, அவ்வளவுதான். பாரதி தன்னைச் சுற்றிப் பார்த்ததைத்தான் எழுதினார் என்பது என் ஊகம். மிராசும் பண்ணையாளும் அப்போது தஞ்சைச் சீமையின் நடப்பு. சாமியே இறங்கி உழுதாலும் களத்துமேட்டுக் கணக்கு மாறாது என்பது அந்தக் கதையில் தானாக வந்து விழுகிறது.

பண்ணையாளுக்கு இத்தனை நெல் கூலி என்று அரசு எழுதி வைத்தது 1952-இல், தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தில். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தவர்களைத்தான் அது பிடித்தது. நாற்பது வேலிக்காரர் தப்பியிருக்க முடியாது.