ரஸா: வண்ணங்களின் வழி – 6
இடிந்த வீடுகள்

ஸ்ரீநகரில் ரஸாவின் படங்களைப் பார்த்து முடித்த அந்தப் பிரெஞ்சுக்காரர் வாய் திறக்கும் நேரத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அவர் ஆன்ரி கார்த்தியே ப்ரெஸ்ஸோன். உலகம் கொண்டாடிய புகைப்படக்காரர். அந்த 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்புவரை அவரோடு இருந்துவிட்டு வந்தவர். இறுதி ஊர்வலத்தின் மறக்க முடியாத படங்கள் அவர் எடுத்தவை. இளமையில் ஆந்த்ரே லோத்திடம் முறையாக ஓவியம் பயின்றவரும்கூட. அதனால் அவர் சொன்னதைப் புகைப்படக்காரரின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

உன்னிடம் திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை என்றார். ஒரு வீடு அஸ்திவாரம், சுவர், கூரை என்று எழும்புவதுபோலப் படமும் எழும்ப வேண்டும். செஸானைப் படி.

ரஸாவுக்கு அப்போது 26 வயது. பம்பாயில் பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்த காலம். ஃப்ரான்ஸிஸ் நியூட்டன் சூஸா, எம்.எஃப்.ஹுசேன், கே.எச்.ஆரா போன்றோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கோபப்பட்டிருக்கலாம். அவரோ, அந்தச் சந்திப்பைக் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தை ஏன் அவ்வளவு ஆழமாக இறங்கியது? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் புரியும். 1947இல் அம்மா போய்விட்டார். அடுத்த ஆண்டு அப்பா. தேசம் பிரிந்ததும் உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் புறப்பட்டார்கள். தம்பி அலி இமாம் பின்னாளில் கராச்சியில் பேர்பெற்ற ஓவியரானார். ரஸாவின் மனைவியும் எல்லை தாண்டினார். ரஸா மட்டும் போகவில்லை. சிறுவனாக மண்ட்லாவில் காந்தியைப் பார்த்தவர் அவர். இந்தியாவை விட்டுப் போவது அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்தார். காந்தியின் கடைசி நாளைக் கண்ணால் கண்ட ஒருவர், காந்திக்காகத் தங்கிவிட்ட ஒருவரிடம் வந்து, கட்டுவது எப்படி என்று கற்றுக்கொள் என்கிறார். இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை சற்று நின்றுவிடுகிறது.

காஷ்மீரில் அவர் தீட்டியவற்றில் 'இடிந்த பாராமுல்லா' என்றொரு படம் உண்டு. 1947 அக்டோபரில் படையெடுத்து வந்தவர்கள் சூறையாடிய ஊர் அது.

பம்பாய் திரும்பியதும் பிரெஞ்சு படித்தார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கிடைத்தது. 1950இல் பாரீஸ். எகோல் தே போஸார் கலைக்கல்லூரியில் சேர்ந்து செஸானை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினார்.

விளைவை 1951இல் தீட்டிய 'ஓ த கான்ய' படத்தில் காணலாம். தென் பிரான்ஸின் குன்றூர் ஒன்று. கூர்மையான கோடுகளில் நெருக்கி அடுக்கிய வீடுகள். அளந்து வைத்தாற்போன்ற கட்டுக்கோப்பு. ஆனால் மனிதர் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்துப் படங்களில் ஊர் ஊராக வீடுகள் வருகின்றன, எல்லாமே ஆளில்லாத வீடுகள். ரஸாவின் அரூப ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக எண்பதுகளின் 'பிந்து' என்ற கரும்புள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அதன் முதல் அடி இந்த ஆளற்ற தெருக்களில்தான் விழுந்தது என்பது என் எண்ணம். ஏனென்றால் அடுத்து நடந்தது இதுதான்: அவர் எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்தார். கெட்டியாக அப்பிய வண்ணத்தில் சுவர்களின் ஓரங்கள் கரைந்தன. வீடு எது, வானம் எது என்று பிரிக்க முடியாதபடி சிவப்பும் கறுப்பும் ஒன்றோடொன்று மோதின. பாடுபட்டுக் கற்ற கட்டுமானத்தை அவர் கையே உள்ளிருந்து கலைக்கத் தொடங்கியிருந்தது.

உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஊர் திரும்பவில்லை.

பாரீஸின் கலை விமர்சகர்கள் வழங்கிய விருது ஒன்று இருந்தது: 'ப்ரி த லா க்ரித்திக்'. அதுவரை பிரெஞ்சுக்காரர் அல்லாத எவருக்கும் அது போனதில்லை. 1956இல் அவர்கள் பரிசீலித்த ஓவியர்களில், மண்ட்லா காட்டில் வளர்ந்த வனத்துறை அலுவலர் மகனும் இருந்தார். நடுவர்கள் கூடினார்கள்.

(தொடரும்)