வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை இசைவித்தல்

விரும்பிய உஷ்ணத்திற்கும் அளந்த உஷ்ணத்திற்கும் உள்ள பேதத்தைக் குறித்த கால இடைவெளிதோறும் கணித்து, நீராவி வால்வையோ குளிர்நீர் வால்வையோ இயக்கும் டிஜிட்டல் கருவிக்கு, விகிதம், தொகையீடு, வகையீடு என்னும் மூன்று எண்களையும் தக்கவாறு அமைத்தல். இதன் தேவை ஆலைக்கு ஆலை மாறும்: தமிழ்நாட்டின் நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அழுத்தத்தால் சவ்வின் வழியே நன்னீரைப் பிரிப்பது. ஆயின் அதற்குத் தெற்கே கல்பாக்கத்தில், அணுமின் நிலைய நீராவியின் வெப்பத்தால் உப்புநீரைச் சுமார் 121 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, அழுத்தம் படிப்படியாகக் குறையும் அறைகளில் ஆவியாக்கி, நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் நன்னீர் பெற அமைந்த ஆலையில், உஷ்ணம் வரம்பு மீறின் கால்சியம் சல்பேட் குழாய்களில் படியுமாதலால், உஷ்ணத்தை நிலைநிறுத்துவது பிரதானமான காரியமாகும்.

மேற்கூறிய மூன்று எண்களையும் கணிக்க, 1942-இல் ஸீக்ளர், நிக்கல்ஸ் என்னும் இருவர், விகித எண்ணை மட்டும் உயர்த்திச் சென்று, அளந்த மதிப்பு ஓயாது ஊசலாடும் எல்லையைக் கண்டு, அவ்வெண்ணில் 0.6 பங்கை விகிதமாகவும், ஊசற்காலத்தின் பாதியைத் தொகையீட்டுக் காலமாகவும், எட்டிலொன்றை வகையீட்டுக் காலமாகவும் கொள்ளுமாறு விதித்தனர். தாமதம் மிகுந்த வெப்ப அமைப்புகளுக்கு இவ்விதி சற்றே கடுமையானது. விகிதத்தைக் குறைத்துக்கொள்வதே விவேகம். வால்வு முழுதும் திறந்த பின்னரும் தொகையீடு பெருகிக்கொண்டே போகாதபடி தடுத்தலும் அத்தியாவசியம்.