மாட்டுக்கறியும் மாறிவரும் காரணங்களும்

மாணவர் விடுதி ஒன்றில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டார்: "பூமி சூடாகுது, சிவப்பு இறைச்சியைக் குறைக்கணும்னு பாடத்துல படிக்கிறோம். அதை நாம ஏத்துக்கிட்டா, நம்ம சாப்பாட்டைக் கேவலமா பேசினவங்க பக்கம் போய் நின்ன மாதிரி ஆகாதா?"

அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. இந்த மண்ணில் மாட்டுக்கறியை விடச் சொன்னவர்கள் காலந்தோறும் என்னென்ன காரணம் சொன்னார்கள் என்பதைப் பார்த்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

முதலில் சொல்லப்பட்ட காரணம் புனிதம். வேத கால வேள்விகளில் மாடுகள் பலியிடப்பட்டன, உண்ணவும்பட்டன. நம் அகநானூற்றிலும் ஆவைத் தின்ற மழவர்கள் வருகிறார்கள். பிறகு எப்படிப் பசு புனிதமானது? தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலில் அண்ணல் அம்பேத்கர் இதற்கு விடை தேடினார். பௌத்தத்தை வெல்லவே பார்ப்பனர்கள் மாட்டுக்கறியை விட்டார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள், ஊருக்கு வெளியே வறுமையில் செத்த மாட்டை உண்டு வாழ்ந்த பௌத்தர்கள் தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்பது அவரது வாதம். அதன்படி, நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியதில் தட்டில் இருந்த கறிக்கும் பங்குண்டு.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். 1948 நவம்பர் 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் பசுவதைத் தடை விவாதிக்கப்பட்டது. உழவுக்கு மாடு வேண்டும், பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்று வாதிட்டார்கள். மதம்தான் காரணம் என்றால் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள், பொருளாதாரத்தின் பெயரால் கொண்டுவராதீர்கள் என்று அசாமின் சையது முகமது சாதுல்லா கேட்டார். சேட் கோவிந்த தாஸ் போன்றவர்கள் இதை அடிப்படை உரிமைகளில் சேர்க்க விரும்பினார்கள். கடைசியில் வழிகாட்டு நெறியாக மட்டும் வந்த திருத்தத்தை அண்ணல் ஏற்றுக்கொண்டார். இன்றைய 48ஆவது பிரிவு அதுதான். அதை வாசித்துப் பாருங்கள்: வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன, அறிவியல் வழியில் அமைப்பது பற்றித்தான் அது தொடங்குகிறது.

மூன்றாவது காரணம் விலங்குவதை. 2017 மே 23 அன்று ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளை அறிவித்தது. சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்றது விதி. எந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்த விதிகள் வந்தனவோ, அந்தச் சட்டமே உணவுக்காகக் கொல்வதைக் குற்றமாகக் கருதவில்லை. ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது.

நான்காவதாகத்தான் காலநிலை வருகிறது. முந்தைய மூன்றைப் போல இதுவும் ஒரு முகமூடியா? இல்லை. இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் மீத்தேன் உண்டாகிறது. மனிதச் செயல்களால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடைத் துறையிலிருந்து வருவதாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி மாடுகளுடையது. புயலிலும் வெள்ளத்திலும் முதலில் மூழ்குவது தாழ்வான இடத்தில் இருக்கும் நம் காலனிகள்தான். ஆகவே இது நமக்கும் உரிய கவலை.

ஆனால் யாரிடம் குறைக்கச் சொல்வது? ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 14 கிராம் சிவப்பு இறைச்சி போதும் என்றது 2019இல் வந்த ஈட்-லான்செட் அறிக்கை. வட அமெரிக்கர்கள் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் உண்கிறார்கள். தெற்காசியர்கள் உண்பது அதில் பாதி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கறி வாங்கிக் குடும்பத்தோடு சாப்பிடும் அம்மாவிடம் போய்ப் பூமியைக் காப்பாற்றச் சொல்வது அறிவியல் ஆகாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பால் மாடும் மீத்தேன் விடுகிறது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 19 கோடி மாடுகளும் 11 கோடி எருமைகளும் உள்ளன. பெரும்பாலும் பாலுக்கும் உழவுக்கும் வளர்ப்பவைதாம். பால் வற்றிய பசுவும் ஆண் கன்றும் எங்கே போகும்? நெய்யை உண்பவர் கை சுத்தம், கறியை உண்பவர் கை அழுக்கு என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. விலங்கின் வலியும் உண்மைதான். லாரியில் மூச்சுமுட்ட அடைத்துக் கொண்டுபோவதை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று புத்தர் பிரித்துப் பார்த்ததாக அண்ணல் எழுதினார். நமக்கு அந்த அளவுகோல் போதும்.

அப்படியானால் தங்கைக்கு என்ன பதில்? 1927 மார்ச்சில் மகத்தில் சவுதார் குளத்து நீரைக் குடித்ததை நாம் மறப்பதில்லை. செத்த மாட்டின் கறியை இனி உண்பதில்லை என்று அதே மாநாட்டில் மக்கள் முடிவெடுத்தார்கள். அது கறியின் மேல் வந்த அருவருப்பால் அல்ல. செத்ததைத் தூக்கு, அதையே தின் என்று ஊர் விதித்த இழிவை உதறிய முடிவு அது. 2016இல் உனாவில் மாட்டுத்தோல் உரித்த நம் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்ட பிறகு, இனி செத்த மாட்டைத் தொட மாட்டோம், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்று குஜராத் தலித்துகள் எழுந்ததும் அந்த வழியில்தான்.

விடுவதும் குறைப்பதும் நம் வரலாற்றுக்குப் புதிதல்ல. பிறர் தட்டிப் பறிப்பதைத்தான் நாம் எதிர்த்தோம். வசதி வந்து, வாரத்தில் பல நாள் கறி உண்ணும் நிலையில் இருப்பவர்கள் நம்மிலும் உண்டு. அவர்கள் குறைத்துக்கொள்ளலாம், அதில் எந்தத் தோல்வியும் இல்லை. குறைக்கச் சொல்லி நமக்குப் பாடம் எடுப்பவர்கள், எல்லா மாநிலப் பள்ளிகளிலும் முட்டையும் ரேஷனில் கூடுதல் பருப்பும் வேண்டும் என்று முதலில் நம்மோடு சேர்ந்து கேட்கட்டும்.

குறைக்கலாம், தங்கை. ஆனால் வெட்கப்பட்டுக் குறைக்க வேண்டாம்.