பேராசிரியர் உவைஸும் ஒரு முதுமாணிப் பட்டமும்

கொம்பனித்தெருவில் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பேனர் ஏறிவிடும். மருத்துவ பீடம், பொறியியல் பீடம் என்றால் படமும் பெரிசு. போன வருடம் என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒன்று வந்து நின்றது. "சேர், தமிழ்ல சிறப்புப் பட்டம் செஞ்சு என்ன கிடைக்கப் போகுது எண்டு வாப்பா கேக்கிறார்." நானும் அதே பட்டம் செய்தவன்தான். உடனே பதில் வரவில்லை. மர்ஹூம் ம.மு. உவைஸைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலையில் 904 மாணவர்களோடு தொடங்கியது. 1952இல் பேராதனைக்குப் போகும்வரை கலைப்பீடம் இங்கேதான், தர்ஸ்டன் வீதிப் பக்கம். நம் தெருவிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். 1943இல் சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியரானார். 1922இல் பாணந்துறை ஹேனமுல்லையில் பிறந்த உவைஸை முஸ்லிம்களின் தமிழ் நூல்கள் பக்கம் திருப்பியவர் அந்தத் துறவிதான். 1947இல் சுவாமி காலமானார். உவைஸ் எடுத்த காரியத்தை விடவில்லை. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பை ஆய்ந்து 1951இல் முதுமாணியானார்.

ஆய்வேடு ஆங்கிலத்தில். தமிழைப் பற்றித் தமிழில் எழுத முடியாத காலம் அது! ஆனால் உள்ளே இருந்த சரக்கு நம் வீட்டுச் சரக்கு. சீறாப்புராணத்தையாவது புலவர்கள் அறிந்திருந்தார்கள். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று அரபு, பாரசீக வழியில் தமிழுக்கு வந்த வடிவங்களை இலக்கிய வரலாறு எழுதியவர்கள் எத்தனை பேர் எண்ணினார்கள்? ஆயிரம் மசலா 1572இல் மதுரையில் அரங்கேறிய நூல். எங்கள் உம்மும்மா நூறு மசலாவை ராகம் போட்டுப் படிப்பார். அதை இலக்கியம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஆய்வேடு 1953இல் நூலானது. வெளியிட்டது கொழும்புப் பதிப்பகம் அல்ல, கண்டிப் பக்கத்துக் கல்ஹின்னைக் கிராமத்தில் எஸ்.எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம். சு. வித்தியானந்தனின் 'தமிழர் சால்பு' நூலையும் அடுத்த வருடம் அதே மன்றம்தான் போட்டது. இதை நம்மவர்களே மறந்துவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

பட்டம் ஒருவர் பெயரில் வரும். பின்னால் பலர் நிற்பார்கள். 1921 முதல் மருதானை ஸாஹிராவை வளர்த்தெடுத்தவர் ரி.பி. ஜாயா, மலாய்க்காரர். வசதியற்ற பிள்ளைகள் மேல்படிப்புப் படிக்க 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். பேனர் கட்டும் நாம் இப்போது அப்படி எதைக் கட்டுகிறோம்?

உவைஸ் பிறகும் ஓயவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழாக்கினார். முஸ்லிம் காப்பியங்களை ஆய்ந்து 1975இல் கலாநிதியானார். 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவரை இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியராக அழைத்தது. அங்கே பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து எழுதிய இலக்கிய வரலாறு ஆறு தொகுதி. 1996இல் வபாத்தானார்.

பிள்ளையின் வாப்பாவை ஜும்ஆவுக்குப் பிறகு பிடித்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி சேர், தொழில்?" என்றார். நியாயமான கேள்வி. ஆசிரியத் தொழிலைச் சொன்னேன், மொழிபெயர்ப்பைச் சொன்னேன். விண்ணப்பம் நிரப்ப இன்னும் நாலு நாள் இருந்தது.