கறுவாவின் மணமும் கட்டாய ஊழியமும்

கறுவாவின் உட்பட்டையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெயிற் பெரும்பகுதி சின்னமல்டிகைட்டு என்னும் சேர்வையாகும். பட்டையின் மணத்துக்கும் காரத்துக்கும் முதற்காரணம் இதுவே. உணவுக்குச் சுவையூட்டவும் வாசனைப் பொருள்கள் ஆக்கவும் இது பயன்படுகின்றது. 1834ஆம் ஆண்டிலே டூமா, பெலிகோ என்னும் பிரான்சிய இரசாயனவியலாளர் இதனைப் பிரித்தெடுத்தனர். ஆயின், அதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மணம் இலங்கையின் அரசியல் வரலாற்றை நிர்ணயிக்கும் சக்தியாகிவிட்டது.

16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரை இத்தீவின்பால் ஈர்த்த பொருள்களுட் கறுவா தலையாயது. 1638இல் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்த ஒல்லாந்தர், 1658 அளவிற் போர்த்துக்கேயரை முற்றாக அகற்றிக் கறுவா வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்கினர். அனுமதியின்றிக் கறுவா உரிப்போருக்கும் விற்போருக்கும் மரண தண்டனை விதிக்கவும் அவர்தம் சட்டம் இடமளித்தது.

இவ்வாணிகத்தின் முழுப் பாரத்தையும் சுமந்தோர் சாலகம குலத்தினரே. மழைக்காலத்திற் காடுகளுட் புகுந்து கொப்புகளை வெட்டி, மேற்றோலைச் சுரண்டி, உட்பட்டை சிதையாவண்ணம் கழற்றி உலர்த்துவது நுண்ணிய கைத்திறன். அத்திறனே அவர்களுக்குத் தளையுமாயிற்று. ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பட்டையை ஒப்படைத்தல் கடமையாக்கப்பட்டது. கொடுமை தாளாது கண்டி இராச்சியத்துக்கு ஓடியோரும் உளர்.

ஆளுநர் பல்க் (1765-1785) காலத்திற் கொழும்பு மருதானையிற் கறுவாத் தோட்டம் அமைக்கப்பட்டது. 1796இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் தனியுரிமையைக் கைவிட்டாரல்லர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளைத் தொடர்ந்து, 1832-33 காலப்பகுதியிலேயே இராசகாரிய முறையும் கறுவாத் தனியுரிமையும் ஒழிந்தன. எனினும் அரசு விதித்த உயர்ந்த ஏற்றுமதி வரியால் இலங்கைக் கறுவாவின் விலை இறங்கவில்லை; மலிவான சீனக் கசியாப் பட்டை சந்தையிற் போட்டியிட்டது. அப்பட்டையிலும் செறிந்திருப்பது இதே சேர்வைதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. கறுவாவுக்கு நெடுங்காலம் நிலவிய பெருவிலை இயற்கை அளித்த மணத்துக்கு மட்டும் உரிய விலையன்று. பீரங்கியும் சட்டமும் கட்டாய உழைப்பும் காத்து நின்ற விலையாகும். கொழும்பிலே கறுவாத்தோட்டம் என வழங்கும் பகுதியில் இன்று தோட்டமில்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆளுநர்களின் பெயர்களை வரலாற்று நூல்கள் வரிசையாகக் கூறுகின்றன. உரித்த கைகளின் வரலாறோ இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியதாகும்.