ஏடு யாருடையது, பாட்டு யாருடையது?

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டக்காரர் ஒருவரின் வீட்டில், சில ஆண்டுகளுக்கு முன்பு, கோயிற் காவியம் ஒன்றின் பழைய அச்சுப் பிரதியைக் கண்டேன். அட்டையில் பதிப்பித்தவரின் பெயர் இருந்தது, ஆண்டு அழிந்துபோயிருந்தது. "இதை ஸ்கான் பண்ணி இணையத்தில போடுறதெண்டா ஆரிட்டக் கேக்கணும் ஐயா?" என்று வீட்டுப் பிள்ளை வினவினான். இவ்வினாவுக்கு மட்டக்களப்பில் நீண்டதொரு வரலாறு உண்டு.

வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. பாட்டைக் கேட்கும் உரிமை ஊர் முழுவதற்கும் பொது. ஏடோ கோயிலைச் சார்ந்தவர்களின் காவலில் இருந்தது. படியெடுக்க விரும்பியவர் அவர்களுடைய இசைவைப் பெற்றே எடுத்தார். கேட்பது எல்லோருக்கும், படியெடுப்பது இசைவோடு என்ற இந்த ஏற்பாட்டை எவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எனினும் இன்றைய இணைய உரிமங்கள் பிரித்துப் பேசுகின்ற இரண்டையும் நம் முன்னோர் அன்றே பிரித்திருந்தனர் என்பது என் எண்ணம்.

பின்னர் அச்சு வந்தது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். பண்டிதர் வீ.சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். 1968 இல் கண்ணகி வழக்குரையை அச்சேற்றினார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்வது எத்தகைய உழைப்பு என்பதைச் செய்தவர்களே அறிவர். இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. பழம்பாட்டுக்குத் தனி உரிமையாளர் இல்லை. பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரைக்கும் விளக்கத்துக்கும் உண்டு. ஒரே நூலுக்குள் பொதுச் சொத்தும் தனிச் சொத்தும் அடுத்தடுத்த பக்கங்களில் கிடக்கின்றன.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமை தருகிறது. இந்தியாவில் அது 60 ஆண்டுகள். 1947 இல் மறைந்த விபுலானந்த அடிகளின் எழுத்துகள் இந்தியச் சட்டப்படி 2007 முடிவோடு பொதுவாகிவிட்டன. இலங்கைச் சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. நாட்டார் வெளிப்பாடுகளை மரபான சூழலுக்கு வெளியே வணிக நோக்கில் வெளியிடுவதானால் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவது பாட்டைக் காத்த ஊர் அன்று. அமைச்சர் நியமிக்கும் அதிகாரபீடம்!

தமிழகம் வேறு வழியிற் சென்றது. பாரதியாரின் பாடல்களுக்கான இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமைகள் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1949 இல் சென்னை அரசு பாரதியின் ஆக்கங்களை நாட்டுடைமையாக்கியது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து அரசு அவ்வாறே செய்திருக்கிறது. அந்த வழக்கம் இலங்கையில் வேரூன்றவில்லை. இங்கே இணையத்தில் நூல் சேர்ப்போர் வீடு வீடாகத்தான் இசைவு கேட்டாக வேண்டும்.

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் கோப்புகளை எவரும் இலவசமாகப் பரப்பலாம் என்றது. முகப்புப் பக்கத்தை மட்டும் அப்படியே வைத்திருக்க வேண்டும். தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் அந்த முகப்பிலேதான் இருக்கும். பத்திரிகைக்காரனான எனக்கு இந்த நிபந்தனை மிகவும் பிடித்தது. 2005 இல் ஈழத்து நூல்களுக்கென்றே நூலகம் திட்டம் எழுந்தது. 1981 இல் யாழ்ப்பாணத்தில் 97,000 நூல்கள் எரிந்ததை மறவாத தலைமுறை தொடங்கிய முயற்சி அது. அவர்களும் அனுமதியைப் புறந்தள்ளவில்லை. உரிமையாளரின் இசைவு கிடைக்காத நூல் விவரப் பட்டியலோடு நின்றுவிடும்.

வாசிக்க விடுவது ஒன்று, எடுத்தாள விடுவது வேறொன்று. ஸ்கான் செய்த பக்கத்தை ரொறன்ரோவில் இருப்பவர் படிக்கலாம். அதைத் தட்டெழுதி, சொற்களைப் பிரித்து அகராதிக்கோ கணினி மொழிபெயர்ப்புக்கோ தரவாக்குவதற்குத் தெளிவான உரிமம் வேண்டும். விக்கிமீடியா 2009 இல் ஏற்றுக்கொண்ட படைப்பாக்கப் பொதும உரிமம் அத்தகையது: பெயரைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிர்ந்தால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். 'மறுகா' என்ற எங்கள் பேச்சுச் சொல்லை அங்கே பொருளோடு பதிந்தால் யாருக்கும் இழப்பில்லை. முழுக் காவியத்தை ஏற்றுவது அவ்வளவு எளிதன்று. சடங்கில் மட்டும் பாடப்படும் பகுதியை வணிகர் ஒருவர் கைப்பேசி மணியோசையாக விற்கவும் அதே உரிமம் இடம் கொடுக்கும். ஆகவே, ஏற்றுமுன் கோயிலாரிடம் இதை விளக்கிச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், படிக்க மட்டும் இடம் தரும் உரிமங்களும் உள்ளன.

இதைச் சாக்காக வைத்து ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைப்போரை நான் ஏற்கவில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதலில் படமெடுத்து, இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்தலாம். பொதுவில் திறப்பதைப் பிறகு பேசி முடிவு செய்யலாம். அந்த முடிவைத் திகதியிட்டு, இசைவு தந்தவரின் கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதி, படக்கோப்புகளுடனேயே சேர்த்து வைக்க வேண்டும்.