நேவ்ஸ்மயர் வழக்கும் நாலாந் திகதியும்

அமெரிக்கா தன் சுதந்திர தினமாகிய ஜூலை 4-ஐக் கொண்டாடிக் களைத்த மறுநாள், 1852-ஆம் ஆண்டில், அடிமைத் தளையினின்று தப்பி வந்து மகா பிரசங்கியாக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ், ரோச்செஸ்டர் நகர மண்டபமொன்றில் தம்மை அழைத்தவர்களை நோக்கி, இந்த உற்சவத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்று வினவினார். அவ்வினாவை இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் எழுப்பியவர்கள் பிரசங்கிகள் அல்லர். றப்பர் பால் வெட்டிய தோட்டத் தொழிலாளர்.

கண்டி வீதியில் வரக்காப்பொலையிலே எள்ளுருண்டை வாங்க இறங்கும் பிரயாணிகளில், அம்மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை நினைப்பவர் சிலரே. அங்கிருந்தோரை அடிமைகள் என்பது மிகை. அவர்களை விற்க எவராலும் இயலாது. ஆயினும், கங்காணியின் கடனாலும் அக்கடன் தீராமல் வேறு தோட்டம் போகவிடாது 1921 வரை நிலவிய 'துண்டு'ச் சீட்டு முறையாலும் கட்டுண்டிருந்த அச்சமூகத்துக்கு, வேலை போனால் கூரையும் போகும் என்பதே விதியாயிருந்தது. கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அம்மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைச் சுவீகரித்து, அங்கே வாழ்ந்தோரை வெளியேறுமாறு பணித்தபோது, அவர்கள் அசையவில்லை. 1946-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர்களுக்காகப் பெரும் வேலைநிறுத்தம் நடத்திற்று. தன் லயத்து அறையிலேயே தங்கியிருந்த ஒரு தொழிலாளிமீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது!

இவ்வழக்கு மேன்முறையீட்டுப் படிகளில் ஏறிக்கொண்டிருக்கையில், 1948 பெப்ரவரி 4 வந்தது. சிங்கக் கொடி ஏறிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் பிரஜாவுரிமை மசோதாவைக் கொணர்ந்து, தகப்பனோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்ததற்கு, லயத்தில் எவரும் பேணி வைத்திராத அத்தாட்சியைக் கேட்டது. மசோதாவை எதிர்த்தவர்களுள் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைத் தமிழர் மறப்பதில்லை. ஆனால் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியின் உறுப்பினரும் சிங்களவருமான என்.எம். பெரேராவும், இனவாதச் சட்டமென்று அதை வன்மையாகக் கண்டித்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

நேவ்ஸ்மயர் தொழிலாளிக்கு நியாயம் கிடைத்தது 1950-இல், சுதந்திர இலங்கையின் நீதிமன்றத்திலன்று, விட்டுப்போன ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலே: எவரையும் தொந்தரவு செய்வதன்று, தன் இருப்பிடத்தில் இருப்பதே அவன் நோக்கமென்று கூறி, இலண்டன் கோமறைக் கழகம் அவனை விடுதலை செய்தது. பிரஜாவுரிமை அந்த நீதிபதிகளின் முன்னிருந்த விஷயமன்று. அதற்காக 1952-இல் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்க வேண்டியிருந்தது.